சாவி வந்துவிட்டது, பெயர் மாறியதா?

பழைய கார் ஒன்று வாங்க முடிவு செய்திருக்கிறீர்கள். தெரிந்தவர் மூலம் வண்டியும் வந்துவிட்டது. பெயின்ட் பளபளக்கிறது, ஏசி குளிர்கிறது, விலையும் படிகிறது. பலரும் இந்த இடத்தில்தான் முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் இரண்டு நாள் பொறுங்கள். அந்த இரண்டு நாளில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

எனக்கு எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாதே, எதைப் பார்ப்பது?

எஞ்சினைப் பார்க்க நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக் வேண்டாம். நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரான டயர். வண்டி 2018 மாடல், மீட்டர் 22,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் நான்கு டயரும் 2021-இல் தயாரானவை என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். இவ்வளவு குறைந்த ஓட்டத்தில் நான்கு டயரும் ஒன்றாகத் தேய்வது அபூர்வம். மீட்டரைக் குறைத்திருக்கலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியைக் கழுவி, சீட் உறை மாற்றி, வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

என் சித்தப்பாவுக்காக ஒரு வண்டி பார்க்கப் போனேன். உள்ளே வாசனைத் திரவியம் கொஞ்சம் தூக்கலாகவே அடித்தது. பின்சீட் பெல்ட்டை மெதுவாக, முழு நீளத்துக்கும் வெளியே இழுத்தேன். மேலே கருப்பாக இருந்த பட்டை, கடைசி ஒரு முழத்தில் பழுப்பேறியிருந்தது. விரலால் தேய்த்தால் மாவு போல மண் உதிர்ந்தது. “வண்டி நல்லாத்தானேப்பா இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்த சித்தப்பா, அதைத் தொட்டுப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கார்ப்பெட்டைத் துவைக்கலாம், சீட்டை மாற்றலாம். பெல்ட் சுருளுக்குள் போன சேற்றை யாரும் எடுப்பதில்லை.

ஸ்டெப்னி வைக்கும் குழியையும், சீட்டுக்குக் கீழே உள்ள இரும்புத் தண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே துருவோ வண்டலோ இருந்தால் திரும்பிவிடுங்கள். நீரில் மூழ்கிய வண்டியின் வயரிங் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியுமா என்பதே சந்தேகமாகிவிடும். பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு டெல்லிப் பகுதியில் 2015 முதலே நெருக்கடி இருப்பதால் அங்கே விலை இறங்குகிறது. ஆனால் அந்த வண்டிக்கு அங்கிருந்து தடையின்மைச் சான்று (என்.ஓ.சி., வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வேண்டும். தமிழ்நாட்டுக்கான சாலை வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் நம்மூர்ப் பதிவெண் வாங்கியாக வேண்டும். இத்தனையையும் கூட்டிப் பார்த்த பிறகு மலிவாகத் தெரிந்தால் யோசியுங்கள். பெரும்பாலும் தெரியாது.

“ஏழு சதவீத வட்டிதான் சார்” என்கிறார்களே, நம்பலாமா?

எந்த வகை வட்டி என்று உடனே கேளுங்கள். நிலை வட்டி (ஃப்ளாட் ரேட், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி) என்றால் கணக்கு வேறு. ஐந்து லட்சத்தை 7 சதவீத நிலை வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் வட்டி 1,75,000 ரூபாய், மாதத் தவணை 11,250. முதல் மாதத்திலிருந்தே நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டு வருகிறீர்கள், ஆனாலும் வட்டி முழு ஐந்து லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் இருப்புக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதே தவணையைக் கணக்கிட்டால் வட்டி சுமார் 12.5 சதவீதம் வரும். அதாவது, 11 சதவீதம் என்று நேராகச் சொல்லும் வங்கி உங்களுக்கு மலிவு.

2024 அக்டோபர் முதல், தனிநபர்களுக்குப் புதிதாகத் தரும் ஒவ்வொரு தவணைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு எண்ணைப் பாருங்கள். முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் உண்டா என்பதும் அதிலேயே இருக்கும்.

விற்பவர் பெயரில் கடன் இருந்தால்?

ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்று) வங்கியின் பெயர் இருந்தால், அந்த வண்டி வங்கிக்கு ஈடாக இருக்கிறது என்று பொருள். எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டும் பார்க்கலாம். கடனை அடைத்துவிட்டேன் என்று விற்பவர் உண்மையாகவே சொல்லலாம். ஆனால் வங்கியின் பெயர் தானாக அழியாது. வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ஐயும், கடன் தீர்ந்தது என்று வங்கி தரும் தடையின்மைச் சான்றையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து நீக்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால், அந்தத் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல் நேராக அவருடைய கடன் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள்.

பெயர் மாற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். “கையெழுத்துப் போட்ட ஃபாரம் இருக்கு, எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்” என்று தரகர் சொல்வார். விற்பவர் நாளை இறந்துவிட்டால் அந்தக் கையெழுத்தால் பயனில்லை, வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும். வண்டி ஏதாவது வழக்கில் சிக்கினாலும் உங்கள் கையில் உரிமை இருக்காது.

சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் படிவம் 29-இல் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாளுக்குள் படிவம் 30-இல் விண்ணப்பிக்க வேண்டும். சேசிஸ் எண்மீது (வண்டியின் சட்டகத்தில் பொறித்த அடையாள எண்) காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கச் சொல்வார்கள். அதை நீங்களே எடுத்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே செய்தால் இன்னும் நல்லது.

நீங்கள் உங்கள் பழைய வண்டியை விற்பவராகவும் இருக்கலாம். அப்படியானால் இதைக் கவனியுங்கள்: 2007-இல் விற்ற ஒரு கார் பல கை மாறி 2009-இல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் மட்டும் முதல் உரிமையாளரின் பெயரே இருந்தது. இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. விற்று இரண்டு ஆண்டு கழித்து நடந்த விபத்துக்கு!

இன்சூரன்ஸ் இருக்கிறது என்கிறார்கள், போதாதா?

மற்றவருக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யும் பகுதி வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி, பாலிசி உங்கள் பெயருக்கு மாறினால்தான் பயன்படும். வாங்கிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பியுங்கள். இழப்பு கோராத சலுகை (என்.சி.பி., ஆண்டு முழுக்க இழப்பீடு கேட்காதவருக்குத் தரும் தள்ளுபடி, 50 சதவீதம் வரை) விற்பவருக்கே சொந்தம், வண்டிக்கு அல்ல. அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். விலை பேசும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

மழைநீர் தேங்கும் பகுதியில் இருக்கிறீர்கள் என்றால் எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கையையும் கேட்டு வாங்குங்கள். வண்டி நீரில் நின்றால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். உள்ளே போன நீர் எஞ்சினை உடைத்துவிடும். அந்தச் சேதத்தை நீங்களே ஏற்படுத்தியதாகச் சொல்லி நிறுவனம் கையை விரித்துவிடக்கூடும். கயிறு கட்டி இழுத்துப் போங்கள்.

வண்டியை எடுக்கும் நாளில் என்ன செய்வது?

நிலுவையில் உள்ள இ-சலான்களைப் பார்த்து விற்பவரையே கட்டச் சொல்லுங்கள். அவருடைய ஃபாஸ்டேக்கை ரத்து செய்யச் சொல்லி, கண்ணாடியிலிருந்து பிரித்துவிட்டு உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள். ஒப்படைப்புக் கடிதத்தில் தேதியோடு மணி, நிமிடத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அன்று காலை சிக்னலில் கேமராவில் பதிவான அபராதம் யாருடையது என்ற சண்டை அந்த ஒரு வரியால் தீரும்.

ஒப்படைப்புக் கடிதத்தை ஒரு உறையில் போட்டு வையுங்கள். சில வாரம் கழித்துப் புதிய ஆர்.சி. வந்ததும் அதையும் பிரித்துப் பாருங்கள்: உங்கள் பெயரின் எழுத்து, முகவரி, சேசிஸ் எண், கடன் தந்தவர் என்ற இடத்தில் இருக்கும் பெயர். பழைய வங்கியின் பெயர் அங்கே இன்னும் இருந்தால் அன்றைக்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.