கற்பிக்கக் கற்போம்

பனி மூடிய மென்சரிவு ஒன்றின் மேல் ஒரு சிறுவன் நிற்கிறான். அவன் கால்களில் இரண்டு நீண்ட பலகைகள் பூட்டப்பட்டுள்ளன. கீழே பார்த்ததும் அவன் நெஞ்சு படபடக்கிறது. அவனுக்குத் துணையாக நிற்பவர் பனிச்சறுக்குப் பயிற்றுநர். சிறுவனின் பாதுகாப்பும் துணிவும் அவரை நம்பியே உள்ளன.

இத்தகைய பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கலாம்? கனடாவில் இதற்கெனத் தேர்வுகள் நடத்தப்படுகின்றன. 1938ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கனடியப் பனிச்சறுக்குப் பயிற்றுநர் கூட்டமைப்பு, நான்கு நிலைகளில் சான்றிதழ் வழங்குகிறது. முதல் நிலைச் சான்றிதழ் பெற்றவர்கள், புதிதாகக் கற்க வருவோருக்குப் பயிற்சி அளிக்கலாம். இத்தேர்வில் சறுக்கும் திறனோடு கற்பிக்கும் திறனும் மதிப்பிடப்படுகிறது.

வேகமாகச் சறுக்கத் தெரிந்தால் எளிதில் தேர்ச்சி பெறலாம் என்று சிலர் எண்ணுவர். உண்மையில், மெதுவாகச் சறுக்குவதுதான் பலருக்குக் கடினமாக இருக்கும். புதியவர்கள் முதலில் கற்பது ஆப்பு வடிவச் சறுக்கல். பலகைகளின் முன்முனைகளை நெருக்கமாகவும் பின்முனைகளை அகலமாகவும் வைத்தால் வேகம் குறையும். இடக்காலில் எடையைக் கூட்டினால் வலப்பக்கமும், வலக்காலில் கூட்டினால் இடப்பக்கமும் திரும்பலாம். வேகமாகச் செல்லும்போது மறைந்துவிடும் சிறு பிழைகளும் மெதுவாகச் செல்லும்போது பளிச்செனத் தெரியும். எனவே, தேர்வுக்கு ஆயத்தமாவோர் எளிய சரிவுகளுக்கே மீண்டும் சென்று அடிப்படை அசைவுகளைப் பழகுகின்றனர். 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழி இவர்களுக்கு நன்கு பொருந்தும்.

அடுத்தது கற்பித்தல். நன்கு பழகியவரின் உடல் தானாகவே இயங்கும். அவ்வியக்கத்தைச் சொற்களில் விளக்குவது எளிதன்று. ஆகவே, அவர்கள் தங்கள் நண்பர்களையே மாணவர்களாகக் கொண்டு பாடம் நடத்திப் பார்க்கின்றனர். சுருக்கமாக விளக்குதல், செய்து காட்டுதல், மாணவரைச் செய்யச் சொல்லிக் கூர்ந்து கவனித்தல், ஒரு நேரத்தில் ஒரு பிழையை மட்டும் திருத்துதல் ஆகியவற்றை அவர்கள் பழகுகின்றனர். சிறுவர்களிடம், "பலகைகளைப் பீட்சா துண்டு போல வையுங்கள்" என்று சொன்னாலே போதும். ஆப்பு வடிவம் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

பாதுகாப்பு விதிகளையும் பயிற்றுநர் அறிந்திருக்க வேண்டும். முன்னால் செல்பவருக்கே வழியில் முன்னுரிமை உண்டு. எனவே, பின்னால் வருபவர்தான் விலகிச் செல்ல வேண்டும். ஓய்வெடுக்க நிற்பவர், மேலிருந்து வருவோரின் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். கனடாவில் பச்சை வட்டம் எளிய சரிவையும், நீலச் சதுரம் நடுத்தரச் சரிவையும், கறுப்பு வைர வடிவம் கடினமான சரிவையும் குறிக்கும். முதல் நாளில் புதியவரைக் கடினமான சரிவுக்கு அழைத்துச் சென்றால், அவர் அஞ்சி இவ்விளையாட்டையே கைவிடக்கூடும். முடிவில் சமதளமாக உள்ள மென்சரிவே அவருக்கு ஏற்றது. அங்கு வேகம் தானாகவே குறைந்துவிடும்.

ஒரு திறனை நாம் அறிந்திருப்பது வேறு. அதைப் பிறருக்குப் புரியும்படி கற்பிப்பது வேறு. தேர்வுக்கு ஆயத்தமாகும் ஒவ்வொருவரும், தாம் முதன்முதலில் தடுமாறி விழுந்த நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நினைவை மறவாதவரே, அஞ்சி நிற்கும் சிறுவனின் கையைப் பிடித்து, அவனைத் தானாகவே சறுக்க வைக்கும் நல்ல பயிற்றுநராக விளங்குவார்.