கடலை முன்கூட்டியே அளந்தவர்கள்

புதிய பசளை ஒன்று பயன் தருமா என்று அறிய விரும்பும் கமக்காரர் என்ன செய்வார்? ஒரு பாத்திக்கு அதைப் போடுவார். பக்கத்துப் பாத்திக்குப் போடாமல் விடுவார். முன்பு இரண்டிலும் என்ன விளைந்தது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே அவரால் தீர்ப்புச் சொல்ல முடிகிறது. இதே முறையைக் கடலில் கையாண்ட ஒரு நாட்டைப் பற்றி இவ்விதழில் பார்ப்போம்.

உலகிலேயே முதன்முதலாகக் கடலுக்குள் காற்றாலைத் தொகுதியொன்றை நிறுவிய நாடு டென்மார்க். 1991 இல் விண்டெபி என்ற இடத்தில் 11 காற்றாலைகள் எழுந்தன. பின்னர் 2002 இல் ஹோர்ன்ஸ் றெவ் என்ற இடத்தில் 80, 2003 இல் நூஸ்டெட் என்ற இடத்தில் 72 என்று பெரிய தொகுதிகள் வந்தன. இவ்வளவு கோபுரங்கள் வந்தால் கடல்வாழ் உயிர்களுக்கு என்ன நேரும்? இக்கேள்விக்கு விடைகாணும் வேலை கோபுரங்கள் எழுவதற்கு முன்பே தொடங்கப்பட்டது.

நாம் ஓங்கில் என்று சொல்வதற்கு உறவான, அதனிலும் சிறிய போர்பொய்ஸ் என்ற விலங்கு அக்கடலில் வாழ்கிறது. வௌவாலைப் போல ஒலி எழுப்பியே அது இரை தேடும். அவ்வொலியைப் பதியும் கருவிகளை ஆய்வாளர்கள் நீருக்குள் இறக்கினார்கள். காற்றாலை வரவிருந்த இடத்தில் சில, தொலைவில் காற்றாலை வராத இடத்தில் சில. பசளை போட்ட பாத்தியும் போடாத பாத்தியும் போலத்தான். கடல் முழுவதிலும் விலங்கு குறைந்தால் அது காற்றாலையின் குற்றமாகாது அல்லவா?

நூஸ்டெட்டில் வேலை தொடங்கியதும் ஒலி வெகுவாகக் குறைந்தது. 2012 இல் வெளியான ஆய்வின்படி, அது முன்னிருந்த அளவின் 11 வீதத்திலிருந்து மெல்ல உயர்ந்தும் 29 வீதத்தையே எட்டியிருந்தது. ஹோர்ன்ஸ் றெவ்விலோ, தூண்களை அடித்து இறக்கியபோது விலகிப்போன விலங்குகள் பின்னர் திரும்பி வந்தன. நெதர்லாந்தின் எக்மொண்ட் கரைக்கு அப்பால், காற்றாலைகளுக்கு நடுவே முன்பைவிடக் கூடுதலாகவே அவற்றின் ஒலி கேட்டது. மீன்பிடியும் கப்பற் போக்குவரத்தும் அங்கே தடுக்கப்பட்டிருந்தமை ஒரு காரணமாகலாம் என்கிறார்கள். தூண்களில் மட்டிகள் படிந்தன. அடியில் இட்ட கற்களிடையே மீன்கள் ஒதுங்கின. நூஸ்டெட்டைக் கடந்து வலசை செல்லும் கடல்வாத்துகளில் பெரும்பாலானவை கோபுரங்களை விலகிப் பறந்ததை ராடார் காட்டியது.

ஆகவே காற்றாலை நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. ஓரிடத்து விடை மறு இடத்துக்குப் பொருந்தவில்லை. ஆனால் அளந்தபடியால் தீங்கு எதுவெனத் தெரிந்தது, பரிகாரமும் பிறந்தது. தூண் அடிக்கும் ஓசைக்கு ஜேர்மனியில் எல்லை விதித்திருக்கிறார்கள். கடலடியில் துளையிட்ட குழாய்களைப் பரப்பி, காற்றுக் குமிழிகளைத் திரைபோல் எழுப்பி அவ்வோசையைத் தணிக்கிறார்கள்.

இது எமக்குத் தொலைவான செய்தி அன்று. மன்னார்த் தீவின் கரையில் 30 காற்றாலைகள் 2020 முதல் நிற்கின்றன. இலங்கையின் கடலுக்குள்ளும் காற்றாலை அமைப்பதற்கான வழிகாட்டி அறிக்கையொன்றை உலக வங்கிக் குழுமம் 2023 இல் வெளியிட்டது. அப்படி ஒன்று வருமானால், எந்த மாதம் எந்த மீன் எங்கே படுகிறது என்பதைக் கடற்றொழிலாளரும் ஆய்வாளரும் முன்கூட்டியே சேர்ந்து பதிந்துவைக்க வேண்டும். வந்தபின் அளப்பதால் இழப்பு இன்னதென்று காட்ட முடியாது.

காணியைப் பிரிந்து வாழும் எமது குடும்பங்களுக்கு இந்த உண்மையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பு இருந்ததற்கு எழுத்தில் சான்று இல்லாமையால் அலைந்தவர்கள் எம்மிடையே எத்தனை பேர்! இன்றே ஒரு கொப்பியை எடுங்கள். கிணற்றின் ஆழம், தண்ணீரின் சுவை, வரம்பின் எல்லை, நின்ற பனைகள், விளைந்த பயிர் ஆகியவற்றை நினைவுள்ள பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். திகதியிட்டு, அயலவர் இருவரின் கையொப்பமும் பெறுங்கள். திரும்பிச் செல்லும் நாளில் எது மாறியது, யார் பொறுப்பு என்று கேட்பதற்கு அந்தக் கொப்பி துணைநிற்கும்.