"நல்லாப் படிக்கிற பிள்ளைதானே?"

கடந்த வருடம் உம்மா என்னை ஒரு வைத்தியரிடம் கூட்டிச் சென்றார். எங்கள் இலக்கத்தைக் கூப்பிடும் வரை, சொல்ல வேண்டியவற்றையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். உள்ளே போனதும் ஒரு வசனம்தான் வாயில் வந்தது. "எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்குமோ என்று நினைக்கிறேன், டொக்டர்."

அவர் என் சாதாரண தரப் பெறுபேற்றைக் கேட்டார். உம்மா சொன்னார். "நல்லாப் படிக்கிற பிள்ளைதானே? அப்படியொன்றும் இருக்காது. போனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க" என்றார். வீடு வரும் வரை முச்சக்கர வண்டியில் நாங்கள் இருவரும் பேசவில்லை.

ஏ.டி.எச்.டி. என்பது மூளையின் வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு நிலை. கவனத்தை ஒன்றில் நிறுத்துவதும், மறதியைச் சமாளிப்பதும், அவசரத்தை அடக்குவதும் இந்த நிலை உள்ளவர்களுக்குக் கடினமாக இருக்கும். இது சோம்பலும் அல்ல, வளர்ப்பின் பிழையும் அல்ல. வகுப்பில் ஓடித் திரியும் பையன் எல்லோர் கண்ணிலும் படுவான். ஜன்னலோரம் சத்தமில்லாமல் கனவு காணும் பெண்பிள்ளையைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்வதில்லை. அதனால் பெண்பிள்ளைகளில் இது பல வேளைகளில் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. நல்ல புள்ளிகளும் இதை மறைத்துவிடும். மற்றவர்கள் ஒரு மணித்தியாலத்தில் முடிப்பதை நான் நள்ளிரவு வரை இருந்து முடிப்பது பெறுபேற்றுத் தாளில் தெரியாது.

பிறகு வாசித்தபோதுதான் என் பக்கத்துக் குறையும் விளங்கியது. ஏ.டி.எச்.டி.யை உறுதிப்படுத்த இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. வைத்தியர் எங்கள் அன்றாட வாழ்க்கையைக் கேட்டறிந்தே முடிவு செய்ய வேண்டும். நானோ நோயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, வாழ்க்கையைச் சொல்லாமல் வந்திருந்தேன்.

வைத்தியர்கள் பார்க்கும் விடயங்களை, 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற வழிகாட்டி வரையறுத்திருக்கிறது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். குறைந்தது 6 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். வீடு, பாடசாலை என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். படிப்பையோ உறவுகளையோ பாதிக்க வேண்டும்.

இரண்டாவது முறை போவதற்கு முன், உம்மா அலுமாரியிலிருந்து என் பழைய தேர்ச்சி அறிக்கைகளை எடுத்தார். "கெட்டிக்காரி, ஆனால் கவனம் சிதறுகிறது" என்று தரம் 3இலும் எழுதியிருந்தது, தரம் 5இலும் எழுதியிருந்தது. அவற்றோடு ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டோம். ஒரு தவணையில் மூன்று முறை தொலைத்த கல்குலேட்டர், விடை தெரிந்தும் கேள்வியின் இரண்டாம் பகுதியைப் பார்க்காமல் விட்ட வினாத்தாள், அடுப்பில் மறந்த பால்.

அதே வைத்தியர்தான். இம்முறை நான் மூன்று கேள்விகளைக் கேட்டேன்.

"எந்தக் காரணத்தால் இது இல்லை என்று நினைக்கிறீங்க டொக்டர்?"

"வேறு என்னவாக இருக்கலாம், அதை எப்படிப் பார்க்கலாம்?"

"உளநல வைத்திய நிபுணருக்கு ஒரு கடிதம் தர முடியுமா?"

வாதாடவில்லை, அழவும் இல்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். அவர் அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்தார். உம்மாவிடமும் கேட்டார். "ஒரு சொல்லை மூன்று தரம் சொல்ல வேணும் டொக்டர், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்" என்றார் உம்மா.

தூக்கக் குறைவு, இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு, மனப்பதற்றம் ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும் என்று அவர் விளக்கினார். இரத்தம் பரிசோதித்ததில் எனக்கு இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்தது. ஆக, அவர் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இருந்தது. மூன்று மாதங்கள் குளிசை எடுத்தேன். களைப்புப் போனது, மறதி போகவில்லை. அதன் பிறகு கடிதம் தந்தார். இப்போது கிளினிக்குக்குப் போய் வருகிறேன். முடிவு இன்னும் வரவில்லை. இல்லை என்றே வந்தாலும், பார்த்துவிட்டுச் சொன்ன பதில் என்பதால் ஏற்றுக்கொள்வேன்.

எல்லா வைத்தியரும் இரண்டாம் முறை கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. கேட்காவிட்டால் வேறொரு வைத்தியரிடம் போவது அவமரியாதை அல்ல. அரச வைத்தியசாலைகளின் உளநலக் கிளினிக்குகளில் பணம் கட்டத் தேவையில்லை. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையோடு வைத்தியரிடம் போனால், முதலில் பிள்ளையைப் பேச விடுங்கள். பிறகு நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். பழைய தேர்ச்சி அறிக்கைகளையும் பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

– உயர்தர மாணவி, கலைப்பிரிவு