டீசல் லாரிக்கு ஏற்ற என்ஜின் ஆயில் எது?

வாகனக் கடன் பெற்றுப் புதிய லாரி வாங்கும் நம் வாடிக்கையாளர்களுள் பலர், ஏற்கெனவே ஓரிரு பழைய லாரிகளை வைத்துத் தொழில் நடத்துபவர்கள். புதிய வண்டியின் முதல் சில சர்வீஸ்கள் நிறுவனத்தின் பணிமனையிலேயே முடிந்துவிடுகின்றன. அதன்பின், பழைய வண்டிகளுக்கென ஷெட்டில் வாங்கிவைத்த பேரலிலிருந்தே புதியதற்கும் ஆயில் ஊற்றும் வழக்கம் வந்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகளாக இதே ஆயில்தானே, ஒரு குறையும் வரவில்லையே என்பது அவர்கள் கூறும் காரணம். பழைய வண்டிகளைப் பொறுத்தவரை அது சரியே. புதிய வண்டிக்கு அது ஏன் பொருந்தாது என்பதை இங்கு விளக்குகிறோம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளின்படி தயாராகும் டீசல் லாரிகளில், புகை வெளியேறும் வழியில் ‘டிபிஎஃப்’ எனப்படும் துகள் வடிகட்டி பொருத்தப்படுகிறது. அது புகையிலுள்ள கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது மிகுந்த வெப்பத்தில் தானே எரித்துவிடுகிறது. ஆனால் கரி வேறு, சாம்பல் வேறு. எந்த என்ஜினிலும் சிறிதளவு ஆயில் உருளைக்குள் புகுந்து எரியவே செய்யும். அந்த ஆயிலில் கலந்துள்ள உலோகச் சேர்மங்கள் சாம்பலாக மாறி வடிகட்டியில் தங்குகின்றன. விறகடுப்பில் கரி மீண்டும் எரியும். சாம்பலை அள்ளித்தான் போட வேண்டும். வடிகட்டியிலும் அதே கதைதான். சாம்பல் சேரச் சேரப் புகை வெளியேற இடமின்றி இழுவை குறைகிறது, டீசல் செலவு ஏறுகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது. இறுதியில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ நேர்கிறது.

அப்படியானால் பழைய ஆயில்களில் அச்சேர்மங்களை ஏன் அவ்வளவு கலந்தார்கள் என்ற கேள்வி எழலாம். டீசலில் உள்ள கந்தகம் எரியும்போது அமிலம் உண்டாகிறது; அதை முறிக்கவே அவை தேவைப்பட்டன. பிஎஸ்-3 காலத்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருக்கலாம். பிஎஸ்-4 டீசலில் அது 50 ஆகக் குறைந்தது. இன்றைய டீசலில் 10 மட்டுமே. எரிபொருள் தூய்மையானதால், சாம்பல் குறைந்த ஆயிலே இப்போது போதுமானது.

கேனின் மீது ‘ஏபிஐ’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். ‘சி’ என்று தொடங்குபவை டீசல் என்ஜினுக்கு உரியவை; ‘எஸ்’ என்று தொடங்குபவை பெட்ரோல் என்ஜினுக்கு உரியவை. ‘சிஐ-4’ பழைய லாரிகளுக்கு ஏற்றது. அதில் சாம்பலுக்கு உச்சவரம்பு இல்லை. ‘சிகே-4’ வகையில் சாம்பல் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிகே-4 ஆயிலைப் பழைய லாரிக்கும் ஊற்றலாம்; சிஐ-4 ஆயிலைப் புதிய லாரிக்கு ஊற்றலாகாது. எனவே இரு வகை வண்டிகளும் வைத்திருப்போர் ஒரே பேரல்தான் வாங்குவதென்றால், விலை சற்றுக் கூடினாலும் சிகே-4 வாங்குவதே எங்கள் கருத்தில் சரியான கணக்கு. ‘எஃப்ஏ-4’ என்றொரு வகையும் உண்டு. வண்டியின் கையேடு அதைப் பெயர் சொல்லிக் கேட்டாலன்றி அதை வாங்க வேண்டாம்.

அடுத்தது பாகுத்தன்மை. ‘15டபிள்யூ-40’ என்பதில் முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிக்கும். எண் குறையக் குறைய ஓட்டம் எளிது. இரண்டாம் எண், என்ஜின் சூடேறிய பின் ஆயிலின் தடிப்பைக் குறிக்கும். சமவெளியில் ஓடும் பெரும்பாலான லாரிகளுக்கு 15டபிள்யூ-40 பொருந்தும். குளிர்காலத்தில் லடாக் செல்லும் வண்டிக்கு முதல் எண் 5 அல்லது 10 ஆக இருக்க வேண்டி வரும். தடித்த ஆயிலே என்ஜினைக் காக்கும் என்ற நம்பிக்கை நம் பணிமனைகளில் இன்றும் வலுவாக உள்ளது. 10டபிள்யூ-30 எனக் கையேடு கூறும் என்ஜினில் தடித்த ஆயிலை ஊற்றினால், டீசல் வீணாவதுதான் உடனடிப் பலன்.

ஆயில் கறுத்துவிட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை. கரியைத் தன்னுள் மிதக்க வைத்திருக்கும் நல்ல டீசல் ஆயில் விரைவிலேயே கறுக்கும். நிறத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், கையேட்டிலுள்ள கிலோமீட்டர் கணக்கின்படி மாற்றுவதே முறை. வழியில் அளவு குறைந்து நிரப்ப நேர்ந்தாலும் அதே குறியீடு கொண்ட ஆயிலையே ஓட்டுநர் வாங்கும்படி, குறியீட்டை ஒரு தாளில் எழுதி கேபினில் ஒட்டி வையுங்கள்.

கடன் கொடுத்தவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேய்மானத்தாலும் இயந்திரப் பழுதாலும் வரும் செலவை வழக்கமான மோட்டார் காப்பீட்டுப் பாலிசி ஏற்பதில்லை. குறிப்பிட்ட ஆயிலைப் பயன்படுத்தவில்லை எனத் தெரிந்தால் தயாரிப்பாளர் உத்தரவாதத்தையும் மறுக்கலாம். வண்டி பணிமனையில் நிற்கும் மாதத்திலும் தவணை நாள் வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமே வாங்கி, குறியீடு குறிக்கப்பட்ட ரசீதைச் சர்வீஸ் புத்தகத்துடன் வைத்திருங்கள். காலியான கேன்களில் போலி ஆயில் நிரப்பி விற்போரும் உளர். கேனை எடைக்குப் போடும் முன் அதில் ஒரு துளையிட்டு விடுங்கள்.