கரியும் கடலும் – 7: கூலியை உடைத்தது யார்?

அயர்லாந்துக்காரன் வந்தான், கூலி விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் சுரங்கப் பகுதிகளில் திரும்பத் திரும்ப எழுந்த குற்றச்சாட்டு இது. சொன்னவர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சென்ற வாரம் பார்த்தபடி, 1606ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியைக் கொத்தடிமை ஆக்கியது. 1799இல்தான் அந்தக் கட்டு முழுதாக அவிழ்ந்தது. விடுபட்டவர்களும் அவர்களது பிள்ளைகளும் தொழிலை வெளியாருக்கு விடாமல் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வெட்டுவது என்று கட்டுப்பாடு போட்டு, கரியின் விலையும் தங்கள் கூலியும் சரியாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கட்டுப்பாடு உடைந்தது உண்மை. உடைத்தது யார் என்பதில்தான் நான் அந்தப் பழைய தீர்ப்பை ஏற்க மறுக்கிறேன்.

1828இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜேம்ஸ் போமான்ட் நீல்சன், உலைக்குள் ஊதும் காற்றைச் சூடாக்கிச் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை ஒரு டன் இரும்புக்கு 8 டன் கரி வேண்டியிருந்த இடத்தில், சில ஆண்டுகளில் 3 டன்னுக்கும் குறைவாகப் போதுமானது. 1801இல் டேவிட் முஷெட் கண்டறிந்தும் பெரும்பாலும் தீண்டப்படாமல் கிடந்த, கரி கலந்த இரும்புக்கல் படிவங்களுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. கோட்பிரிட்ஜுக்கு அருகே கார்ட்‌ஷெரியில் பேர்டு குடும்பத்தின் முதல் உலை 1830இல் பற்றவைக்கப்பட்டது. அந்த ஆண்டு 40,000 டன்னை எட்டாதிருந்த ஸ்காட்லாந்தின் இரும்பு உற்பத்தி, நூற்றாண்டின் நடுவில் 5 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் வேண்டிய ஆட்கள் பழைய சுரங்கக் குடும்பங்களில் பிறந்துவரும்வரை உலை காத்திருக்காது. அதனால் வேலையையே பிரித்தார்கள்: வெட்டுபவர் ஒருவர், அள்ளி நிரப்புபவர் ஒருவர், கூரைப் பாறையை உடைத்து வழி உண்டாக்குபவர் இன்னொருவர். பரம்பரைத் தேர்ச்சி தேவைப்படாத இடங்கள் இப்படிப் பெருகின. அந்த இடங்களுக்குத்தான் டோனிகலிலிருந்தும் அல்ஸ்டரின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கைத்தொழிலின் கோட்டையைத் தகர்த்தது உலை. அயர்லாந்துக்காரன் அதற்குப் பிறகு உள்ளே நுழைந்தவன்.

உருளைக்கிழங்குப் பஞ்சம்தானே அவர்களைத் துரத்தியது, உலையை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். பஞ்சம் தொடங்கியது 1845இல். 1841 கணக்கெடுப்பிலேயே ஸ்காட்லாந்தில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் 1,26,321 பேர். பஞ்சத்துக்குப் பின் 1851இல் அந்த எண்ணிக்கை 2,07,367 ஆகி, மக்கள்தொகையில் 7 சதவீதத்தைத் தாண்டியது. பஞ்சம் பெருக்கியது வெள்ளத்தை. வாய்க்கால் அதற்கு முன்பே வெட்டப்பட்டிருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வேலைநிறுத்தங்களின்போது முதலாளிகள் அயர்லாந்துக்காரர்களைக் கொண்டுவந்து குழியில் இறக்கினார்கள். கருங்காலி என்ற வசை ஆதாரமில்லாதது அல்ல. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அப்படி இறங்கியவனின் நிலையையும் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் 1845ஆம் ஆண்டு ஏழைகள் சட்டப்படி, உடல் வலுவுள்ளவனுக்கு வேலை இல்லை என்பதற்காக உதவி கேட்கும் உரிமை கிடையாது. அங்கே ஐந்து ஆண்டுகள் வசித்திராத அயர்லாந்துக்காரன், நோயுற்று உதவிக்குக் கை நீட்டினால் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்படலாம். குடியிருந்த வரிசை வீடு முதலாளியுடையது; வேலையை விட்டால் வீடும் போய்விடும். சம்பள நாளுக்கு முன் வாங்கிய முன்பணம் பல இடங்களில் நிறுவனத்தின் கடைக்கே திரும்பியது. 1831 சட்டம் தடுக்க முயன்ற இந்தப் பழக்கம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஒழியவில்லை என்பதற்கு, 1870இல் அதை விசாரிக்க ஆணையம் அமைக்க வேண்டியிருந்ததே சாட்சி. வேலையை மறுக்கும் வசதி இவனுக்கு எங்கே இருந்தது?

தவிர, வந்தவர்கள் எல்லோரும் ஒரே கூட்டமும் அல்லர். அல்ஸ்டரிலிருந்து புராட்டஸ்டன்ட்டுகளும் கணிசமாக வந்தார்கள். அவர்களோடு ஆரஞ்சு சங்கங்கள் எனப்படும் புராட்டஸ்டன்ட் அமைப்புகளும் வந்தன. சொந்த ஊர்ப் பகை கத்தோலிக்கர்களைத் தொடர்ந்து ஏர்ட்ரிக்கும் லார்க்ஹாலுக்கும் வந்து சேர்ந்தது. ஒரே குழியில் இறங்குபவர்கள் மேலே வந்ததும் இரண்டாகப் பிரிந்து நின்றால் யாருக்கு லாபம் என்பதை விளக்க வேண்டியதில்லை. கூலியை விழவைத்ததில் இந்தப் பிளவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் குற்றச்சாட்டு பிளவின் மீது விழவில்லை, ஒரு சாரார் மீது மட்டுமே விழுந்தது.

வந்தவர்களின் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதையும் அந்தக் குற்றச்சாட்டு கணக்கில் எடுப்பதில்லை. 1869இல் வாட்டர்ஃபோர்டு மாவட்டத்தில் பிறந்த ஜான் வீட்லி, சிறுவனாக லானார்க்‌ஷயருக்கு வந்து, ஒற்றை அறை வீட்டில் வளர்ந்து, பள்ளி வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். 1906இல் கத்தோலிக்க சோஷலிஸ்ட் சங்கத்தை நிறுவினார். 1924இல் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சி அரசில் சுகாதார அமைச்சரானார். அரசு மானியத்தில் உள்ளாட்சிகள் வாடகை வீடுகளைப் பெருமளவில் கட்ட வழிசெய்த சட்டத்தை அதே ஆண்டில் நிறைவேற்றினார். அந்த வீடுகளுக்குக் குடிபோன ஸ்காட்லாந்துக்காரர்களும் ஏராளம்.