பங்கு கொடுத்த நாளும் பங்கு வாங்கிய நாளும்

2021 செப்டம்பர் 22. சென்னையில் முளைத்து வளர்ந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. ஒரு பங்கு 36 டாலர் என்று விற்று 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அந்த வெளியீட்டுக்கு உள்ளுக்குள் வைத்திருந்த பெயர் 'புராஜெக்ட் சூப்பர்ஸ்டார்'. நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் ரஜினி ரசிகர். கையிலிருந்த கம்பெனிப் பங்குகளால் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்ற செய்தி ஊரெங்கும் பரவியது. மாதச் சம்பளமும் வீட்டுக்கடனுமாக இருந்த ஓஎம்ஆர் சாலை ஐடி தலைமுறை, கம்பெனி வளர்ந்தால் நாமும் வளரலாம் என்று நம்பியது. நியாயமான நம்பிக்கைதான்.

2024 நவம்பரில் அதே நிறுவனம் ஒரே நேரத்தில் இரண்டு அறிவிப்புகள் வெளியிட்டது. சுமார் 660 பேருக்கு, அதாவது 13 சதவீத ஊழியர்களுக்கு, வேலை போகிறது. 40 கோடி டாலர் வரை சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கப்போகிறார்கள். மறுநாள் பங்கு விலை எகிறியது. கிரிஷ் முன்பு வேலை பார்த்த ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு, ஃப்ரெஷ்வொர்க்ஸின் பெயரைச் சொல்லாமல் இந்த முடிவைக் கடுமையாகக் கண்டித்தார்.

பங்குகளைத் திரும்ப வாங்குவது குற்றமல்ல. சந்தையில் பங்குகளின் எண்ணிக்கை குறையும், மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் லாபத்தில் கூடுதல் பங்கு வரும். ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் புதிதாகப் பங்கு கொடுப்பதால் பழைய பங்குதாரர்களின் விகிதம் குறைவதையும் இது ஈடுகட்டும்.

ஊழியரின் கணக்கு வேறு. விலை 40 டாலராக இருந்தபோது ஒருவருக்கு 1,000 பங்கு கைக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். டாலர் 75 ரூபாய் என்றால் 30 லட்சம். அது சம்பளத்தோடு சேர்ந்துவிடும். 30 சதவீத வரம்பில் வரி 9 லட்சம். எதையும் விற்காமல் கைக்காசில் வரி கட்டியிருந்தால், விலை 15 டாலராகும்போது கையில் இருப்பது 11 லட்சத்துச் சொச்சம். கட்டிய வரியில் ஒரு பைசா திரும்பாது.

இன்னும் கைக்கு வராத பங்குகள்தான் என்னை உறுத்துகின்றன. நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதாகச் சொன்னவை, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், வேலையோடு போய்விடும். ராஜினாமா செய்தவருக்கு அது பொருந்தலாம். கம்பெனியே அனுப்பிவைத்தவருக்கு எப்படிப் பொருந்தும்? சொந்தப் பங்கை வாங்கக் கோடிக்கணக்கில் ஒதுக்கும் காலாண்டில் ஆட்குறைப்பும் செய்தால், போகிறவர்களின் நிலுவைப் பங்குகளை அன்றைக்கே அவர்கள் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். வேலைக்குச் சேரும்போதே ஆஃபர் லெட்டரில் அதை எழுதித் தரும்படி கேட்கலாம்.