பழைய மோட்டார் இல்லமும் அதன் மின்பிணிகளும்

வீட்டை விட்டுப் புறப்படுதல் பயணம் எனப்படும். வீட்டையே உடன்கொண்டு புறப்படுதற்கு அமைந்தது மோட்டார் இல்லம். உண்ணவும் உறங்கவும் நீராடவும் வேண்டிய வசதிகள் யாவும் ஒரே ஊர்தியுள் அமைந்த இவ்வில்லம் வட அமெரிக்காவிற் பெருவழக்குடையது. அயோவா மாநிலத்து வின்னபேகோ நிறுவனம் இவ்வகை ஊர்திகளை 1966ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கியது. புதியதன் விலை மிகுதியாதலின், ஓய்வுபெற்றோர் பலர் பிறர் பயன்படுத்திய ஊர்தியையே தம் வாழ்நாட் சேமிப்பைக் கொண்டு வாங்குவர். வாங்கியபின் அவர்க்கு நேரும் இடர்களுள் மின்னிடர் முதன்மையானது. நோயின் முதலை நாடாது மருந்து கொடுக்கும் மருத்துவனைப்போல, காரணத்தை ஆராயாது புதிய பற்றரியை வாங்கி வைப்போர் பணத்தை இழப்பர். பிணியோ நீங்காது நிற்கும்.

இவ்வூர்தியில் ஓடும் மின்சாரம் ஒன்றன்று, மூன்று. எஞ்சினை இயக்குதற்கு 12 உவோற்றுப் பற்றரி ஒன்று உண்டு. விளக்கு, நீர்ப்பம்பி முதலிய இல்லப் பொருள்களுக்கு வேறொரு 12 உவோற்றுப் பற்றரித் தொகுதி உண்டு. மூன்றாவது, தங்குமிடத்தின் கம்பத்திலிருந்தோ ஊர்தியின் மின்பிறப்பாக்கியிலிருந்தோ பெறப்படும் 120 உவோற்று ஆடலோட்டம். இதனை 12 உவோற்று நேரோட்டமாக்கி இல்லப் பற்றரிக்கு ஊட்டுவது மாற்றி என்னும் கருவி. ஆதலின், எது இயங்கவில்லை, அது எத்தொகுதியைச் சார்ந்தது என்பதே முதல் வினாவாதல் வேண்டும்.

அடுத்து ஆராயத்தக்கது பற்றரி. ஈய அமிலப் பற்றரியைப் பிரான்சிய அறிஞர் கஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டிற் கண்டார். 12 உவோற்றுப் பற்றரியில் ஆறு கலங்கள் உள. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 உவோற்றுத் தரும். மின்னேற்றிச் சில மணி நேரம் வாளாவிட்டபின் உவோற்றுமானி 12.6 காட்டின் அது நிறைந்துள்ளது, 12.2 ஆயின் ஏறக்குறையப் பாதி, 12.0 ஆயின் காற்பங்களவே எஞ்சியுள்ளது. நெடுநாள் வெறுமையாகக் கிடந்த பற்றரியின் தகடுகளில் ஈயசல்பேற்றுப் பளிங்குகள் இறுகிவிடும். அத்தகையது ஓய்வில் நல்ல அளவு காட்டினும் சுமை ஏற்றியவுடன் தளர்ந்துவிடும்; எனவே விளக்குகளை எரியவிட்டும் அளந்து பார்த்தல் வேண்டும். முந்தியவர் இலிதியப் பற்றரியைப் பொருத்தியிருப்பின் மேற்கூறிய அளவுகள் பொருந்தா.

பற்றரி நன்றாயிருந்தும் எஞ்சின் சுழலாமை உண்டு. விளக்கு எரிகின்றதே, எஞ்சின் மட்டும் ஏன் மறுக்கின்றது என வாங்கியவர் மயங்குவர். ஓமின் விதி இம்மயக்கத்தைத் தீர்க்கும். முடிவிடத்திற் படிந்த பூஞ்சணத்தாலோ, துருவேறிய புவித்தொடுப்பாலோ 0.02 ஓம் தடை உண்டாயிற்று என்று கொள்வோம். 1 அம்பியர் கொள்ளும் விளக்கிற்கு அதனால் நேரும் இழப்பு 0.02 உவோற்றே, கண்ணுக்குப் புலப்படாது. 200 அம்பியர் வேண்டும் தொடக்கி மோட்டாருக்கோ இழப்பு 4 உவோற்று. அது முனகி நின்றுவிடும். எஞ்சினைச் சுழற்ற முயலும்போது பற்றரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளந்தால், அரை உவோற்றுக்கு மேற்பட்ட அளவு பழுதான இணைப்பைக் காட்டிக்கொடுக்கும். வேண்டுவது புதிய பற்றரியன்று. கம்பித் தூரிகையும் சிறிது பொறுமையுமே.

குளிர்காலத்தில் வாயுவடுப்பு எரியாமையும் இத்தகையதே. வாயு நிறைந்திருப்பினும், அவ்வடுப்பின் விசிறியைச் சுழற்றுவது இல்லப் பற்றரியாகும். விசிறி போதிய காற்றைத் தள்ளாவிடின் ஒரு காவலாளி மூடாது. அது மூடாவிடின் வாயு பற்றாது. ஆகவே வாயுக்குறை எனத் தோன்றுவது மின்குறையாகவும் இருத்தல் கூடும்.

பற்றரி நிறையாவிடின் ஊட்டும் வழியை ஆராய்தல் வேண்டும். எஞ்சின் ஓடும்போது அதன் பற்றரியில் 13.8 முதல் 14.4 வரை உவோற்றுக் காணப்படல் இயல்பு. அங்கே ஏற்றம் காணப்பட்டு இல்லப் பற்றரியிற் காணப்படாவிடின், இரண்டையும் இணைக்கும் மின்காந்த ஆளியோ அவ்வழியிலுள்ள உருகியோ பழுதாயிற்று என்று கருதலாம். கம்பத்து மின்சாரத்தை இணைத்தபின்னும் ஏற்றமில்லையெனின் மாற்றியையும் அதன் உருகிகளையும் நோக்குக. உருகி மீண்டும் மீண்டும் உருகுமாயின் அதனிலும் பெரிய உருகியை இடுதல் பெரும்பிழை. கம்பியே உருகியாகி ஊர்தியை எரித்துவிடும்.

யாவும் அணைந்திருந்தும் பற்றரி வெறுமையாதல் மற்றொரு குறை. அரை அம்பியர் ஓயாது கசியுமாயின் ஒரு நாளில் 12 அம்பியர்-மணி கழியும்; 100 அம்பியர்-மணிப் பற்றரி நான்கு நாளிற் பாதியாகிவிடும். உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதனைக் கழற்றும்போது கசிவு குறைகின்றதெனக் கண்டால் குற்றவாளி அகப்படும். ஆனால் அங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வாயுக்கசிவை உணர்த்தும் கருவியும், சில ஊர்திகளிற் காபனோரொட்சைட்டை உணர்த்தும் கருவியும் இப்பற்றரியாலேயே இயங்குவன. காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லவல்லது. சிறு கசிவைத் தடுப்பதாக எண்ணி அக்கருவியின் உருகியை நீக்கி வைப்பவர், காவலனுக்குச் சோறிட மறுத்துக் கதவைத் திறந்துவிட்டு உறங்குபவரை ஒப்பர்.

இவற்றைச் செய்யுங்கால் எதிர்முனையை முதலிற் கழற்றி இறுதியிற் பூட்டுதல் வேண்டும். அவ்வாறாயின் நேர்முனையைத் திருகும் கருவி ஊர்தியின் உடலைத் தொட்டாலும் தீங்கில்லை. மின்னேறும் பற்றரி ஐதரசன் வாயுவை வெளிவிடுமாதலின் அதன் அருகே பொறியும் சுடரும் ஆகா. ஊர்தியின் உடலைத் தொடும்போது அதிர்ச்சி தோன்றின் உடனே விலகி, கம்பத்தின் ஆளியை அணைத்து, தேர்ந்த மின்வினைஞரை அழைத்தலே அறிவுடைமை. 12 உவோற்றைத் தாமே ஆராயலாம்; 120 உவோற்றோடு விளையாடலாகாது.

ஓர் உவோற்றுமானி, ஒரு கம்பித் தூரிகை, ஒழுங்கான வினாக்கள் ஆகிய இம்மூன்றும் உடையார்க்குப் பழைய ஊர்தியின் பிணிகளுட் பல எளிதிற் புலப்படும். இவையின்றி ஐயத்தினாற் பொருள்களை மாற்றுவோர்க்குச் சேமிப்புக் கரையும். அதனினும் மேலாகத் தம் உயிர்காக்கும் காவலும் தம்மை அறியாமலே கைவிட்டுப் போதல் கூடும்.